கறுப்பு ஆறு, சிவப்பு பத்து

அன்று கிட்டங்கியில் இருந்தவர்கள்: தீயணைப்பு நிலையத்து ஆட்கள் ஒன்பது பேர், போலீஸ்காரர்கள் பதினான்கு பேர், அதில் நாலு பேர் முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பயங்கரவாதிகளாக ஓடியவர்கள், இரண்டு ஆம்புலன்ஸோடு வந்த ஆட்கள் நாலு பேர், டாக்டர் ஒருவர், நர்ஸ்கள் இரண்டு பேர், தாலுகா ஆபீஸ் அதிகாரிகள் மூன்று பேர், போட்டோ எடுக்க ஒருவர், பொங்கல் பொட்டலம் கொண்டுவந்த பிச்சம்மாள், அடிபட்டவர்களாக நடிப்பதற்கு நாற்பது பேர். மொத்தம் எழுபத்தைந்து. போலீஸ் நாய் ஒன்றும் இருந்தது. ராணி என்று பெயர். பெயர் இருப்பதால் அதையும் சேர்ப்பதா, நாலு கால் இருப்பதால் விடுவதா என்று வெயிலுகந்தான் கொஞ்ச நேரம் யோசித்து, விட்டுவிட்டார்.

யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. அதில் "மார்பில் காயம், மூச்சுத் திணறல், பேச முடியாது" என்று அச்சடித்திருந்தது. எழுபத்தொரு வயதில் முதன்முதலாகக் குண்டடி பட்டிருக்கிறது, அதுவும் அச்சடித்து. துறைமுகத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற பழைய சரக்குக் கிட்டங்கி அது. கடல் வழியாகப் படகில் நாலு பேர் வருவார்கள், பையில் குண்டு இருக்கும், வந்தால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று பழகிக்கொள்ள இந்த ஒத்திகை. வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள்: சர்வதேசப் பயங்கரவாதத் தாக்குதல், தடுப்பு ஒத்திகை. எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனாலும் அதை எழுத்துக்கூட்டாமல் வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் குழப்பம். தடுப்பதற்குப் பழகுகிறோம் என்றால் நாற்பது பேர் எதற்கு அடிபட்டுக் கிடக்க வேண்டும்? படகைக் கடலிலேயே மறித்துவிட்டால் போதாதா? அப்படியென்றால் மறிக்க முடியாது என்று இவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அட்டை அடித்திருக்கிறார்கள். கறுப்பு ஆறு, சிவப்பு பத்து, மஞ்சள் பன்னிரண்டு, பச்சை பன்னிரண்டு. கூட்டினால் நாற்பது சரியாக வருகிறது. சரியாக வந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வரப்போகிற சாவை ஆறு என்று எப்படித் தீர்மானித்தார்கள்? எட்டு என்று ஏன் இல்லை? காலையில் மைக் பிடித்த அதிகாரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "சிவப்பு அட்டையை முதல்ல தூக்கணும். அடுத்தது மஞ்சள். பச்சை அவங்களே நடந்து வந்துருவாங்க. கறுப்பு கடைசி. செத்தவங்களைப் பார்த்து ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. நடிக்கிறவங்க யாராவது எந்திரிச்சாலோ, அட்டைக்கு மாறாப் பேசினாலோ, மொத்தத்தையும் முதல்லேர்ந்து எடுப்போம்." பிறகு சிரித்துக்கொண்டே, "அப்புறம் பொங்கலும் லேட்டாகும்" என்றார்.

பொங்கல் ஏற்கெனவே லேட்டாகிவிட்டது. ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள், எட்டு மணிக்குத் தொடங்கும் என்றார்கள், பெரிய அதிகாரி வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபது. பொட்டலம் ஒத்திகை முடிந்த பிறகுதான் என்று பிச்சம்மாளுக்கு உத்தரவு. அந்த அம்மாள் கூடையின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிக்கேல் அவளிடம் போய்க் கேட்டதை வெயிலுகந்தான் பார்த்தார். "தாயீ, நான் காலையில ஆறரைக்கே சுகர் ஊசி போட்டுட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு பொட்டலம் தாயேன்." "கொடுத்தா அந்த மைக்குக்காரரு என்னைய சுட்டுருவாரு, அண்ணாச்சி. நாற்பதை எண்ணித்தான் கொடுக்கணும்னு எழுதி வாங்கியிருக்காரு." மிக்கேல் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். அவன் எதற்கும் சிரிப்பான். முப்பத்தோரு வருஷம் இரண்டு பேரும் துறைமுகத்தில் ஒரே வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது. இவர் எண்ணுவார், அவன் எண்ணுவான், கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். நாலு நேர்க்கோடு, மேலே ஒரு குறுக்குக் கோடு, அது அஞ்சு. மிக்கேல் கோடு போட்டுக்கொண்டே பாடுவான். இவர் ஒரு மூட்டை தவறிவிடுமோ என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இப்போது அந்த மிக்கேல் ஒரு முழத் தூரத்தில் இடது பக்கம் படுத்திருக்கிறான். அவன் கழுத்தில் கறுப்பு அட்டை. அவன் நெற்றி வேர்த்துக்கொண்டிருக்கிறது. செத்தவனுக்கு வேர்க்காது.

கிட்டங்கிக்கு மேலே தகரக் கூரை; எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. இவருக்கும் முதுகு நனைந்திருக்கிறது. அதனால் இது ஒன்றும் இல்லை. ஆனால் இவருடைய வேர்வை கழுத்தில் வழிகிறது, மிக்கேலுக்கு முகம் முழுக்க முத்து முத்தாக நிற்கிறது, மேலுதட்டில், கண்ணுக்குக் கீழே, மழை பெய்த இலை மாதிரி. சட்டைக் காலர் பிழிந்தால் சொட்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் முனகினான். "வெயிலு, ஏழாம் நம்பர் கிட்டங்கியப் பூட்டியாச்சா?" ஏழாம் நம்பரை இடித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து இவர் கண்ணை மூடிக்கொண்டார், செத்தவன் பேசுகிறானே, அதிகாரி காதில் விழுந்தால் முதலிலிருந்து தொடங்குவாரே என்ற பயத்தில். அப்புறம் அவன் பேசவில்லை. அது இன்னும் நல்லதுதானே, செத்தவன் பேசக் கூடாது, ஒழுங்காக நடிக்கிறான். ஒழுங்காக நடிக்கிற ஆளா மிக்கேல்? மாதா கோயில் திருநாள் நாடகத்தில் இயேசுவின் சீடர் ராயப்பராக நின்றுகொண்டு கீழே இருந்த பொண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடித்தவன். அவன் இவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறானென்றால் ஒன்று அவன் திருந்தியிருக்க வேண்டும், இல்லையென்றால். இல்லையென்றால் என்பதற்கு அப்பால் வெயிலுகந்தானின் நினைப்பு போக மறுத்தது. ஸ்ட்ரெச்சர் ஒன்று ஓடியது. சிவப்பில் முதல் ஆள் போயிற்று. இவர் படுத்திருக்கிற வரிசையில் இவர் ஏழாவது.

கறுப்பு அட்டை உண்மையில் இவருக்குத்தான் வந்தது. இதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் போலீஸ் நாயையெல்லாம் எண்ணினார். பெட்டிக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். கறுப்பை எடுத்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. ஒருவர் "நாளன்னைக்கு எம் பேத்திக்குச் சடங்கு, இன்னைக்குப் போய்ச் சாவச் சொல்லுதீகளே" என்று சண்டைக்குப் போனார். இன்னொருவர் பொண்டாட்டிக்குப் போன் போட்டு, வென்னீர் போட்டுவை, வந்ததும் தலை முழுகணும் என்றார். வெயிலுகந்தான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வராது அவருக்கு. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மிக்கேல் இவர் முகத்தைப் பார்த்தான். "என்னவே, சாவுறதுக்கும் வெக்கப்படுதீரா? இங்க கொண்டாரும். நாங்க செத்தா மூணாம் நாள் எந்திரிக்கிற ஆளுக, எங்களுக்கு இது பழக்கம்தான்." கறுப்பைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிவப்பை இவர் கழுத்தில் போட்டான். இவர் தடுக்கவில்லை. ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. நடிப்புத்தானே, அட்டைதானே, காகிதம் மாறினால் விதி மாறுமா என்று ஒரு பக்கம். எனக்கு எழுதியதை அவனல்லவா வாங்கிப் படுத்திருக்கிறான் என்று ஒரு பக்கம். இரண்டும் மாறி மாறி வந்தன, எண்ணிக்கை விட்டுப்போன மூட்டைகள் மாதிரி. இரண்டாவது ஸ்ட்ரெச்சர். மூன்றாவது.

வருகிறவர்கள் யார் என்று அதிகாரி சொல்லவில்லை. "எங்கேர்ந்து வேணும்னாலும் வரலாம், யாரா வேணும்னாலும் இருக்கலாம்" என்றார். சர்வதேசம் என்றால் எல்லா தேசமும். எல்லா தேசத்தையும் வெயிலுகந்தானுக்கு மூட்டை மேல் அடித்த மையில் தெரியும். பர்மா, தான்சானியா, கினியா, பிரேசில். அந்தக் கப்பல்காரர்கள் பீடி வாங்கிக் குடித்தார்கள், ஒருவன் இவருக்கு ஒரு சோப்புக்கட்டி கொடுத்தான், பச்சை நிறம், பத்து வருஷம் வாசம் போகவில்லை. அப்போது யாரைப் பார்த்தும் பயம் வந்ததில்லை. ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் ஆளைப் பார்த்து இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை, ஆயிரத்து இருநூறு மூட்டை என்று காகிதம். இவர் கணக்கில் ஆயிரத்து இருநூற்று ஒன்று. மிக்கேல் கணக்கிலும் ஆயிரத்து இருநூற்று ஒன்று. குறைந்தால் திருட்டு, அது புரியும், தினமும் நடப்பது. கூடினால்? யாரும் அனுப்பாத மூட்டை ஒன்று உள்ளே வந்திருக்கிறது. சரி, அந்த ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள் என்றார் மேஸ்திரி. எதை எடுப்பது? எல்லாமே ஒரே சாக்கு, ஒரே தையல், ஒரே மை. எது கூடுதல் என்று எந்த மூட்டையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் அத்தனையுமே கூடுதல் மாதிரி ஆகிவிட்டது. ஏஜெண்ட் பென்சிலால் ஒன்றை அடித்துவிட்டு ஆயிரத்து இருநூறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மிக்கேல், "போவுது வே, கடவுள் கொசுறு போட்டிருக்காரு" என்றான். இவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அயல்நாட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற மகள், அங்கே ரயில்வே ஸ்டேஷனில் யாரோ பையை விட்டுப்போனார்கள், இரண்டு மணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னபோதும் அவருக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வந்தது. கடைசிப் பெட்டியில் ஏறாதே என்று மட்டும் சொன்னார். ஏன் கடைசிப் பெட்டி என்று அவளும் கேட்கவில்லை, இவருக்கும் தெரியாது. மக்கள் இறங்கிப்போகிறார்கள், ஏறி வருகிறார்கள், எண்ணுவார் யாருமில்லை, எண்ணினாலும் எது கூடுதல் என்று சொல்வார் யாருமில்லை. நாலாவது ஸ்ட்ரெச்சர் போயிற்று, அல்லது ஐந்தாவது. விட்டுப்போய்விட்டது. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி விட்டதில்லை.

மிக்கேலின் மூச்சை எண்ணுவோம் என்று தலையைக் கொஞ்சம் திருப்பினார். சிவப்பு அட்டைக்காரர் தலையைத் திருப்பலாமா? மூச்சுத் திணறுகிறவன் திருப்பத்தான் செய்வான். ஒன்று. இரண்டு. குறட்டை மாதிரி ஒரு சத்தம், உள்ளே இழுத்து, நிற்கிறது. மூன்று எங்கே? வந்தது. வலது கை விரல்கள் தரையில் லேசாகத் துடித்தன, கோடு போடுகிற மாதிரி. மிக்கேலு, என்றார். சத்தம் வெளியே வரவில்லை, மனதுக்குள்தான் கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் உள்ளேதான். கையை நீட்டி அவன் புறங்கையைத் தொட்டார். ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது, இந்த வெயிலில். இப்போது சந்தேகம் இல்லை. இல்லையா? அவனுக்கு எப்போதும் கை சில்லென்றுதான் இருக்கும் என்று அவன் பொண்டாட்டி சகாயம் சொல்லியிருக்கிறாள், அல்லது கால் என்று சொன்னாளா. எழுந்து கத்த வேண்டும். கத்தினால் எல்லாரும் திரும்புவார்கள், எழுபத்து மூன்று பேர், மைக்கில் அதிகாரி "யார்யா அது, பேச முடியாத கேஸு பேசுறது" என்று கேட்பார், சிரிப்பார்கள், மிக்கேல் கண்ணைத் திறந்து எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரிப்பான், பிறகு முதலிலிருந்து, பொங்கல் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி, அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையாகவே அவனுக்கு ஏதாவது. சிரித்தால் நல்லதுதானே. அவன் சிரித்தால் அதைவிட என்ன வேண்டும்? வாயைத் திறந்தார். வறண்டுபோய் ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். அட்டையில் எழுதியது பலித்துவிட்டதோ என்று நினைத்தார். அந்த நாலு பேர் உண்மையாகவே வருகிற நாளிலும் நான் இப்படித்தான் கிடப்பேன் என்று நினைத்தார். குண்டு வேண்டியதில்லை எனக்கு, அசையாதே என்று யாராவது ஒருவர் மைக்கில் சொன்னால் போதும்.

ஸ்ட்ரெச்சர் பையன்கள் இவருக்கு முந்தின ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்தது இவர்தான். அவர்கள் ஓடி வரும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்பதை இவ்வளவு நேரத்தில் கவனித்திருந்தார். கழுத்தைத்தான் பார்த்தார்கள். நிறத்தைப் பார்த்தார்கள், குனிந்தார்கள், தூக்கினார்கள். வெயிலுகந்தான் எழுந்து உட்கார்ந்தார். முட்டி கடகடவென்று சத்தம் போட்டது. அது கிட்டங்கி முழுக்கக் கேட்டிருக்கும் என்று தோன்றியது; யாரும் திரும்பவில்லை. சிவப்பு அட்டையைக் கழற்றினார். மிக்கேலின் தலையைத் தூக்கி மாட்டினார். தலை தேங்காய் மாதிரிக் கனத்தது, வேர்வை முழங்கை வரைக்கும் வழிந்தது. கறுப்பைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"மார்பில் காயம், பேச முடியாது."

"ஆமா, பேசல. எப்படி வேர்த்திருக்கு பாரேன். என்னமா நடிக்காரு இந்தப் பெரிசு!"

"காலைப் பிடிடே. ஒன்னு, ரெண்டு, மூணு."

இடது பக்கம் காலியாயிற்று. அந்த இடத்தில் காற்று வந்தது. இப்போது அவர் இறந்தவர், இறந்தவரைப் பார்த்து யாரும் ஒரு நிமிஷம்கூட வீணாக்க மாட்டார்கள், நிம்மதியாகப் பயப்படலாம். செய்தது சரியா? சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் அட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறேன், அங்கேயும் அவனை மார்பில் காயம் என்றே வைத்துக்கொண்டு கட்டுப்போட்டுக் கிடத்திவிட்டால்? இங்கே எல்லாமே பொய், பொய் ரத்தம், பொய்க் குண்டு, பொய்ச் சாவு, இதற்கு நடுவில் ஒரே ஒரு மெய்யை ஒரு எழுத்தும் எழுதாமல் உள்ளே அனுப்பியிருக்கிறேன், அது எதுவென்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எழுந்து ஓடலாமா? மூட்டைகளுக்கு நடுவே நின்ற அன்றைக்குக்கூட இப்படிக் கால் மரத்துப்போகவில்லை. கண்ணைத் திறக்காமல் காதைத் திறந்து வைத்தார். நாய் குரைத்தது. யாரோ பச்சை அட்டைக்காரர் தும்மினார். பிறகு கூடாரப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், காலையில் எல்லாருக்கும் பிரஷர் பார்த்த நர்ஸ் ஜெபக்கனியின் குரல், கிழிந்த மாதிரி வந்தது. "டாக்டர்! டாக்டர், இங்க வாங்க, இது நடிப்பு இல்ல!" ஓட்டம். ஏதோ உருண்டு விழுந்தது. "முப்பத்தெட்டு... சுகர் முப்பத்தெட்டு டாக்டர்!" "இருபத்தஞ்சு குளுக்கோஸ் எடு, ஊசியக் குடு, ஊசியக் குடு." ஆம்புலன்ஸ் சைரன் எழுந்தது. காலையிலிருந்து பலமுறை கேட்ட அதே சைரன்தான். இந்த முறை அது தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. மைக்கில் அதிகாரி குரல் கேட்டது: "வெரி குட். சிவப்பு அட்டை பத்தும் பதினாறு நிமிஷத்துல வெளியேத்தியாச்சு."

ஒத்திகை முடிந்தது என்று சொன்ன பிறகும் வெயிலுகந்தான் எழுந்திருக்கவில்லை. பொங்கல் வாசனை கிட்டங்கி முழுக்கப் பரவியது. மற்ற ஐந்து கறுப்புக்காரர்களும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பிச்சம்மாள் கத்தினாள். "செத்து எந்திரிச்ச வாயோட எவன் திம்பான்? தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் பச்சைத் தண்ணியே" என்றார் பேத்திக்குச் சடங்கு வைத்திருந்தவர். ஐந்து பேரும் போய்விட்டார்கள். அரை மணி நேரம் கழித்து, அப்படித்தான் இருக்கும், இன்று அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஜெபக்கனி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, எந்திரிங்க. அவரைத் தூக்கிட்டு வந்த பையன் சொல்றான், முதல்ல சிவப்பு கிடந்தது பக்கத்து ஆளு கழுத்துலன்னு. மாத்தினது நீங்கதானா?"

"நான்தான்." குரல் வந்துவிட்டது. எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"பேச முடியாதுன்னு போட்டிருந்துச்சும்மா."

அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்து, திட்டாமல், அவருடைய கழுத்தில் கிடந்த கறுப்பு அட்டையைப் பார்த்தாள். "கண்ணைத் தொறந்துட்டாரு" என்றாள் பிறகு. "ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே தொறந்துட்டாரு. மூணாம் நாளான்னு கேட்டாராம். டிரைவருக்குப் புரியல."

வெயிலுகந்தானுக்குப் புரிந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. எழுந்து உட்கார்ந்தார். மிக்கேல் பிழைத்தான், அது சரி. அது நான் பேசாமல் இருந்ததாலா, பேசாமல் இருந்தும்கூடவா? அந்த நாலு பேர் மெய்யாகவே வருகிற நாளில் எத்தனை பேர் கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவார்கள், எத்தனை பேர் சொன்னபடி கிடப்பார்கள், அதில் எது நான்? யாரிடம் கேட்பது? அதிகாரி கூடைக்குப் பக்கத்தில் நின்று பிச்சம்மாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"செத்தது ஆறு பேர். அவங்க சாப்பிடலைன்னா மீதி ஆறுதானம்மா இருக்கணும்? எப்படி ஏழு வரும்? எண்ணத் தெரியுமா உனக்கு?"

"கறுப்பு அஞ்சு பேரு வெளிய போனாக. ஆம்புலன்ஸ்ல ஒருத்தரு. அது ஆறு. இன்னொன்னு அந்தா உக்காந்திருக்கே, அதுக்கு நான் எப்படி எழுத?" பிச்சம்மாள் இவரைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணாச்சி, நீங்க செத்த கணக்கா, இருக்கிற கணக்கா? சட்டுனு சொல்லுங்க, நான் கூடையைக் கட்டணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சடங்கு வைத்தவர் இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். தலை முழுகாமல் வாயில் வைக்கக் கூடாது என்று இவருடைய அம்மாவும் சொல்லியிருக்கிறாள். ஆனால் இவர் செத்தது பதினைந்து நிமிஷமோ, அரை மணி நேரமோ, அதற்கு முன்னால் சிவப்பு, அதற்கும் முன்னால் பெட்டிக்குள் கையை விட்டபோது கறுப்பு. எந்தக் கணக்கில் எழுதுவது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்க் கையை நீட்டினார். பிச்சம்மாள் ஒரு பொட்டலத்தை வைத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தார். பொங்கல் ஆறி இறுகிப்போயிருந்தது. கறுப்பு அட்டை இலையில் படாமல் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, ஒரு மிளகைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிச்சம்மாள் கூடைக்குள் கையை விட்டு மறுபடியும் எண்ணினாள்.

மீதி ஆறு.